கொல்லைக்கு வந்த விருந்தும் பகையும்



தஞ்சை நாட்டின் வரலாறு என்றவுடன் உங்கள் நினைவில் எழுவன யாவை? கல்லணை, இராசராசனின் பெருங்கோயில், சரசுவதி மகால் நூலகம், ஆறுகளும் அவற்றிடையே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் நெல்வயல்களும். இவையாவும் வீட்டின் முன்வாசலுக்கு அப்பால் உள்ளவை. இன்று நான் உங்களைப் பின்வாசல் வழியாக அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே ஒரு கிணறு, அதனருகே ஒரு துவைகல், வேலியோரத்தில் முருங்கை, பந்தலில் அவரையும் புடலையும், கழிவுநீர் பாயும் இடத்தில் வாழை, அதனை அடுத்துக் கத்தரிப் பாத்தி. இந்நிலத்தைத் தஞ்சைப் பக்கத்தில் கொல்லை என்போம். பழந்தமிழில் கொல்லை என்பது முல்லை நிலத்துப் புன்செய்யைக் குறித்த சொல். நன்செய்க்குப் பெயர்போன நாட்டில் அது வீட்டின் பின்புறத்தில் வந்து ஒதுங்கியிருக்கிறது.

ஒதுங்கியதற்குக் காரணம் உண்டு. காவிரிப் படுகையின் வண்டல் நிலம் தட்டையானது. ஆற்றில் நீர் வரும் காலத்தில் வயல்கள் நீரில் முழுகி நிற்கும். நெல் நீரில் நின்று வாழும். கத்தரி நீரில் நின்றால் வேர் அழுகி மாளும். ஆகவே குளம் வெட்டிய மண்ணைக் கொட்டி உயர்த்திய மனைக்கட்டிலும் ஆற்றோரத்துப் படுகைத் திடல்களிலுமே காய்கறிக்கு இடம் கிடைத்தது. மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் அரிசி கழுவிய நீரும் நாள்தோறும் விழுந்து அம்மண் வளம் பெற்றது. ஆடிப் பதினெட்டில் ஆற்றுக்குப் பூசை செய்த கையோடு பெண்கள் அவரை, பீர்க்கு, புடலை, பூசணி, பறங்கி விதைகளை ஊன்றுவர். ஐப்பசி மழையில் கொடி தழைக்கும். மார்கழிப் பனியில் அவரை கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். தைப்பொங்கலன்று பறங்கிக்காய் கூட்டாகி இலைக்கு வரும். நெல்லின் கணக்கை ஆண்கள் எழுதி வைத்தனர். கொல்லையின் கணக்கை யாரும் எழுதவில்லை. எனினும் அக்கணக்கைச் செடிகளின் பெயர்களிலிருந்தும் பூச்சிகளின் பெயர்களிலிருந்தும் ஓரளவு படித்தறியலாம்.

முதலில் கல்வெட்டினைப் பார்ப்போம். தஞ்சைப் பெருங்கோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அக்கோயிலின் கல்வெட்டுகளில் இறைவனுக்கும் பிற திருமேனிகளுக்கும் நாள்தோறும் படைக்க வேண்டிய அமுதுக்கான பொருள்கள் அளவோடு கூறப்பட்டுள்ளன. அரிசி, நெய், பருப்பு, தயிர், புளி, கடுகு, சீரகம், மிளகு, வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு என்று அப்பட்டியல் நீளும். கறியமுது என்றும் குறிக்கப்பெறும். இவ்வளவு விரிவான பட்டியலில் ஒரு பொருள் மட்டும் இல்லை. அஃது எது என்று என் வகுப்பில் கேட்பதுண்டு. பிள்ளைகள் உப்பு என்பர், சருக்கரை என்பர், எண்ணெய் என்பர். மிளகாய் என்று ஒருவரும் சொன்னதில்லை. மிளகாய் இல்லாத தஞ்சாவூர்ச் சமையலை அவர்களால் நினைத்துப் பார்க்கவே இயலவில்லை.

இராசராசன் மிளகாயைக் கண்டவன் அல்லன். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-இல் வாசுகோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பின்னர், 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேசியர் கப்பல்களின் வழியே அது நம் நாட்டை அடைந்தது. நம் முன்னோர் அதற்குப் புதுப்பெயர் தேடி அலையவில்லை. மிளகைப் போல் காரம், ஆனால் காயாக இருக்கிறது. ஆதலால் மிளகாய் என்றனர். பறங்கிக்காயின் பெயரோ இன்னும் வெளிப்படையானது. பறங்கியர் என்று நம்மவர் அழைத்த ஐரோப்பியரின் பெயரையே அது இன்றளவும் சுமந்து நிற்கிறது. கொய்யா, அன்னாசி, பப்பாளி ஆகியவற்றின் பெயர்கள் அவர்கள் நாவிலிருந்து நம் நாவுக்கு மாறியவை. அந்நாளில் போர்த்துக்கேசியர் நாகப்பட்டினத்தில் குடியேறியிருந்தனர். 1658-இல் அவ்வூர் ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. 1620-இல் டேனிசுக்காரர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். சோழ நாட்டுக் கடற்கரை அயலார்க்குத் திறந்த வாசலாக இருந்த காலம் அது. துணியும் அரிசியும் வெளியே சென்றன. விதைகள் உள்ளே வந்தன.

புதியது வந்ததைச் சமையலறை மறந்துவிடவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. இப்பகுதியின் பல வைதிகக் குடும்பங்களில் திவசச் சமையலில் மிளகாய் சேர்வதில்லை, மிளகே காரம். தக்காளியும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் அன்று அடுப்படிக்கு வாரா. வாழைக்காய், பாகல், புடலை, அவரை, சேப்பங்கிழங்கு ஆகியவையே இலையில் விழும். நூல் எழுதாத வரலாற்றை நோன்பு எழுதி வைத்திருக்கிறது. ஆயினும் இதே மக்கள், பெயரிலேயே பறங்கியைச் சுமந்த காயைப் பொங்கலுக்கு இன்றியமையாத நாட்டுக்காயாக்கிக் கொண்டார்கள். விருந்தாளி எப்போது வீட்டாள் ஆகிறான் என்பதற்கு விதி எதுவும் இல்லை போலும்.

நிற்க. இவ்விடத்தில் மாணவர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. செடிகள் கடல் கடந்து வந்தபோது எவ்வாறு வந்தன? பெரும்பாலும் உலர்ந்த விதையாக. தாய்நாட்டில் அச்செடியின் இலையைக் கடித்த புழுவும், சாற்றை உறிஞ்சிய பேனும் அவ்விதையோடு வரவில்லை. ஆகவே புதுச்செடி தன் பழம்பகையைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு இங்கே சில நூற்றாண்டுகள் நிம்மதியாக வாழ்ந்தது. முழு நிம்மதி என்று சொல்லவியலாது. உள்ளூர்ப் பூச்சிகளில் சில அதனைச் சுவைபார்த்துப் பழகிக்கொண்டன. பூசணிக் குடும்பத்தைத் தின்னும் சிவப்பு வண்டு பறங்கியின் இளந்தளிரையும் சல்லடையாக்கியது. ஆனால் நம் நாட்டிலேயே பிறந்த கத்தரிக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. அதன் பகையும் இங்கேயே பிறந்தது. இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தன. இவ்வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொல்லைப் பூச்சிகளுக்கு உலகறிந்த பெயர் கிடைத்த கதையிலும் நம் மாவட்டத்துக்கு ஒரு பங்குண்டு. 1768-ஆம் ஆண்டில் யோகான் கெர்ஹார்டு கோனிக் என்னும் மருத்துவர் தரங்கம்பாடிக்கு வந்தார். செடி கொடிகளுக்கும் உயிர்களுக்கும் இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசின் மாணவர் அவர். செடிகளையும் பூச்சிகளையும் தேடித் தொகுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் லின்னேயசின் மற்றொரு மாணவரான பெப்ரீசியசு. 1779-இல் தமிழ் அகராதி வெளியிட்ட பாதிரியார் பெப்ரீசியசு வேறு, இவர் வேறு. பூச்சியியலார் பெப்ரீசியசு 1775-இல் வெளியிட்ட நூலில் ஒரு செந்நிற நாவாய்ப்பூச்சிக்குக் கோனிக்கின் பெயரையே சூட்டினார். பருத்திக் காயிலும் வெண்டைக் காயிலும் கூட்டமாய் அமர்ந்து சாறுறிஞ்சும் சிவப்புப் பூச்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் அறிவியற் பெயர் டிசுடெர்கசு கோனிகியை. தரங்கம்பாடியில் வாழ்ந்த ஒரு மருத்துவரின் பெயர் உங்கள் வீட்டு வெண்டைச் செடியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

அதே 1775-இல் அவர் பெயரிட்ட இன்னொரு பூச்சி இருபத்தெட்டுப் புள்ளி வண்டு. கத்தரி இலையின் பசுமையைச் சுரண்டித் தின்று, இலையை வலைபோல் ஆக்கிவிடும் வண்டு இதுவே. இதனோடு தோற்றத்தில் ஒத்த உறவினம் ஒன்று உண்டு. அதனைப் பொறிவண்டு என்பர். அது இலையைத் தின்பதில்லை. இலையைக் கெடுக்கும் அசுவினியைத் தின்னும். புள்ளிவண்டின் முதுகு நுண்மயிர் மூடி மங்கலாகத் தோன்றும். பொறிவண்டின் முதுகு மெருகிட்டாற்போல் பளபளக்கும். இவ்வொரு வேறுபாட்டை அறியாமல் எத்தனை கொல்லைகளில் நண்பனை நசுக்கிப் பகைவனை வளர்த்திருக்கிறார்கள்!

பழைய கொல்லையில் ஆயுதங்கள் மிகச் சில. அவரைக் கொடியின் நுனியில் கருநிற அசுவினி மொய்த்தால் விடியற்காலைப் பனி காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுவர். ஈர இலையில் ஒட்டிக்கொள்ளும் சாம்பல் மென்னுடல் பூச்சிகளின் மேல் படிந்து அவற்றை உலர்த்தும். சுரண்டித் தின்னும் வாய்க்கு இலையைச் சுவையற்றதாக்கும். முருங்கையின் கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் ஒரு போர்வை விரித்தாற்போல் கூட்டமாய்த் தங்கும். அந்த வழக்கத்தை அறிந்து, அங்கேயே தீவட்டி காட்டிப் பொசுக்குவர். பாகற்பிஞ்சில் பழ ஈ முட்டையிடாதபடி துணியோ காகிதமோ சுற்றுவர். அழுகி விழுந்த காயை ஆழக் குழிதோண்டிப் புதைப்பர். பிஞ்சுப் புடலையின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது பூச்சிக்காக அன்று, காய் வளையாமல் நீளுவதற்காக. சிறுவயதில் அது ஏதோ திருஷ்டிப் பரிகாரம் என்று எண்ணியிருந்தேன். பழைமையானது என்பதனாலேயே எல்லாம் சரியென்று கொள்ளலாகாது. சோற்றுப்பானை கவிழ்த்துப் புள்ளி குத்தி நட்டுவைப்பதனால் கத்தரிப்புழு அஞ்சி ஓடியதாக நான் கண்டதில்லை. ஆனால் சாம்பலும் தீவட்டியும் காகித உறையும் ஒரு செய்தியைச் சொல்லுகின்றன. அவற்றைக் கண்டுபிடித்தவர்கள் பூச்சி எங்கே தங்குகிறது, எப்போது முட்டையிடுகிறது, எதனால் வருந்துகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தவர்கள்.

அவ்வாறு பார்ப்பதை ஒரு கல்வியாக ஆக்கிய இடம் கோயம்புத்தூர். சென்னைச் சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் பள்ளி அங்கு மாற்றப்பட்டு, கல்லூரியாகவும் ஆராய்ச்சி நிலையமாகவும் 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் உருப்பெற்றது. சென்னை அரசின் பூச்சியியலாராக இருந்த பெயின்பிரிட்சு பிளெட்சர் 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அவருக்குப் பின் டி. வி. இராமகிருட்டிண ஐயர் ஊர் ஊராக வயல்களையும் தோட்டங்களையும் ஆய்ந்து 1940-இல் தென்னிந்தியப் பயிர்ப்பூச்சிகளுக்கு ஒரு கையேடு தந்தார். பூச்சியைக் கொல்வதற்கு முன் அதன் வாழ்க்கை வரலாற்றை எழுது என்பது அந்தத் தலைமுறையின் நெறி. முட்டை எத்தனை நாள், புழு எத்தனை நாள், கூட்டுப்புழு எங்கே, அதனைத் தின்பது எது? மன்னர் வரலாற்றுக்கு நாம் கேட்கும் கேள்விகளைப் போலவே அவர்கள் பூச்சிக்குக் கேட்டனர்.

கடைசிக் கேள்வியே எல்லாவற்றினும் பயன் தந்தது. 1888-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் ஆத்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பஞ்சுச் செதிற்பூச்சியால் அழிந்துகொண்டிருந்தன. கோபெல் என்பவர் ஆத்திரேலியாவுக்கே சென்று, அங்கு அப்பூச்சியைத் தின்று வாழும் சிறு பொறிவண்டைக் கொணர்ந்தார். ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் மீண்டன. 1928-ஆம் ஆண்டையொட்டி அதே செதிற்பூச்சி நீலகிரியின் வேட்டில் மரங்களில் காணப்பட்டபோது, நம் அறிஞர்களும் அதே வண்டைத் தருவித்து விட்டனர். அதற்குச் சற்று முன், 1926-இல், வேலிகளிலும் புறம்போக்குகளிலும் அடர்ந்து நிலத்தை விழுங்கிக்கொண்டிருந்த சப்பாத்திக்கள்ளியை அழிக்க இலங்கையிலிருந்து ஒரு பூச்சி கொணரப்பட்டது. வெண்பஞ்சு போர்த்த அப்பூச்சி சில ஆண்டுகளில் கள்ளிக்காடுகளைச் சாய்த்தது. அந்தக் கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. வந்தவனை அடக்க வந்தவனின் ஊரிலேயே ஆள் தேட வேண்டும் என்னும் பாடத்தை நம் நாடு இப்படி ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கற்றிருந்தது.

கற்ற பாடத்தை இடையிலே மறக்க நேர்ந்தது. 1942-இல் பர்மா சப்பானியர் வசமாயிற்று. இரங்கூன் அரிசி நின்றது. நாடெங்கும் அதிக உணவு பயிரிடுவோம் என்னும் இயக்கம் எழுந்தது. பள்ளி மைதானங்களிலும் அலுவலக முற்றங்களிலும் காய்கறி விதைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் பற்றாக்குறை நீங்கவில்லை. 1965-இல் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாத்திரி தம் மாளிகையின் புல்வெளியையே உழுது பயிரிட்டுக் காட்டினார். இந்த அவசரத்தின் நடுவே புதிய ஆயுதங்கள் கைக்கு வந்தன. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939-இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1960-இல் நாட்டிலேயே முதற்கட்டமாகத் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களுள் ஒன்றாகத் தஞ்சையில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கிற்று. நல்விதையும் உரமும் கடனும் வந்தன. அவற்றோடு தெளிப்பானும் மருந்துப் புட்டியும் வந்தன. நெல்லுக்கு அத்திட்டம் நன்மை செய்தது. அதை மறுப்பது நன்றியின்மை. ஆனால் வயலுக்கு வாங்கிய மருந்தில் மிச்சம் இருந்தால் அது எங்கே போகும்? கொல்லைக்குத்தான்.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தெருவில் கேமக்சின் தூளைப் பழந்துணியில் சிறு மூட்டையாகக் கட்டி, கத்தரிச் செடியின் மேல் தட்டிக்கொண்டே போவார்கள். மாலையில் தட்டிய செடியில் மறுநாள் காலையில் காய் பறிப்பார்கள். அது பி.எச்.சி. என்னும் நஞ்சு. மண்ணிலும் பாலிலும் மனித உடலின் கொழுப்பிலும் நெடுங்காலம் தங்கிவிடும் தன்மையுடையது. 1997-இல் அதற்கு இந்தியாவில் தடை விதிக்கப்பட்டது. எண்டிரின் 1990-இலேயே தடையாயிற்று. மானோகுரோட்டபாசைக் காய்கறிகளில் பயன்படுத்தலாகாது என்று 2005-இல் ஆணை வந்தது. ஒவ்வொரு தடைக்கும் முன்னால் எத்தனை ஆண்டுகள், எத்தனை இலைகள், எத்தனை சிறுவரின் உணவு என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை கிடைக்காமல் இல்லை. 1958-ஆம் ஆண்டு கோடையில் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் திடீரென்று மக்கள் மயங்கி விழுந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தும் கோதுமை மாவும் ஒரே கப்பலில் ஏற்றிவரப்பட்டிருந்தன. மருந்து கசிந்து மாவு மூட்டைகளில் கலந்துவிட்டது. அதனை ஆராய அமைந்த விசாரணை ஆணையத்தின் வழியேதான், பத்தாண்டு கழித்து, 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. பூச்சிமருந்துப் புட்டியின் மேல் இன்று நீங்கள் காணும் வண்ண முக்கோண எச்சரிக்கைக் குறி அச்சட்டத்தின் விதிகளால் வந்தது. சிவப்பு முக்கோணம் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் அதற்கு அடுத்தது. பின்னர் நீலம், பச்சை. இவ்வரிசையை ஒவ்வொரு மாணவரும் பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல் அறிந்திருத்தல் வேண்டும்.

இனிப் பப்பாளியின் கதைக்கு வருவோம். நான் மேலே கூறிய அனைத்தும் இந்த ஒரு கதையில் வந்து கூடுகின்றன. பப்பாளி மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சார்ந்த மரம்; 16-ஆம் நூற்றாண்டில் நம்மிடம் வந்தது. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம் கொல்லைகளில் வளர்த்தாரின்றித் தானே முளைத்துத் தானே காய்த்தது. சத்துணவுக் கூடங்களின் பின்புறத்தில் முருங்கையும் பப்பாளியும் நடச் சொன்னதற்கும் அந்த எளிமையே காரணம். 2008-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் வெள்ளை மாவு அப்பியது போன்ற ஒரு பூச்சி காணப்பட்டது. அதுவும் மெக்சிகோவிலிருந்து புறப்பட்டதே. விருந்தாளி வந்து நான்கு நூற்றாண்டு கழித்து அவனுடைய பழம்பகை முகவரி தேடி வந்து சேர்ந்தது.

அம்மாவுப்பூச்சி பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, கத்தரி என்று பரவியது. 2009-இலும் 2010-இலும் தமிழ்நாட்டில் மாவு பூக்காத பப்பாளியைக் காண்பது அரிதாயிற்று. நான் அப்போது அரசலாற்றங்கரையில் ஒரு பள்ளியில் பணியாற்றி வந்தேன். எங்கள் தோட்டத்துப் பப்பாளிகளின் காய்கள் சுண்ணாம்பில் தோய்த்தெடுத்தவை போல் இருந்தன. இலைகள் சுருண்டு உதிர்ந்தன. வழிந்த தேன்போன்ற கழிவில் கரும்பூசணம் படர்ந்தது. எறும்புகள் அக்கழிவை உண்டு, பூச்சிக்குக் காவலும் செய்தன. உழவர்கள் மருந்தை மாற்றி மாற்றித் தெளித்தனர். பயனில்லை. பூச்சியின் உடலை மெழுகு மூடியிருக்கிறது. மருந்து அதன்மேல் ஒட்டுவதில்லை. ஒரு பெண்பூச்சி பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். தெளித்த நஞ்சு அதனைக் கொல்லவில்லை. அதனைத் தின்ன வந்த பொறிவண்டுகளைக் கொன்றது.

வழி பழைய வழியே. இப்பூச்சி கரிபியத் தீவுகளுக்கும், பசிபிக் கடலின் குவாம், பலாவு தீவுகளுக்கும் முன்னரே சென்றிருந்தது. அங்கெல்லாம் மெக்சிகோவில் அதனோடு வாழும் ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டு அடக்கியிருந்தனர். குளவி என்றவுடன் அஞ்சாதீர்கள். குண்டூசித் தலையினும் சிறியது, யாரையும் கொட்டாது. அமெரிக்க வேளாண் துறையின் துணையோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் 2010 சூலையில் பெங்களூரிலுள்ள தேசிய நிறுவனத்துக்கு வந்தன. விர்சீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலார் முனியப்பன் இம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர். வந்த குளவிகளை உடனே திறந்து விட்டுவிடவில்லை. பட்டுப்புழு முதலிய நம் பயனுள்ள உயிர்களுக்கு அவற்றால் தீங்கு நேருமா என்று அடைப்பில் வைத்துச் சோதித்தனர். பின்னர் அதே ஆண்டு அக்டோபரில் கோவையிலிருந்து தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கும் வழங்கினர்.

அவற்றுள் சிறப்பாக நிலைபெற்றது அசிரோபேகசு பப்பாயே என்பது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும். உள்ளே பொரித்த புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று, வெறும் கூட்டில் ஒரு வட்டத் துளை செய்து, குளவியாக வெளியேறும். சில மாதங்களில் மாவு மறையத் தொடங்கியது. அடுத்த கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது எங்கள் பப்பாளிகளில் புதுத்தளிர் விட்டிருந்தது. பழைய இலையொன்றில் எஞ்சியிருந்த கூடுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தியது போன்ற துளை இருந்தது. இதற்காகப் பள்ளி ஒரு காசும் செலவு செய்யவில்லை. 2020-இல் மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி வந்தபோது நம்மவர் தடுமாறவில்லை. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதற்குரிய குளவியைத் தருவித்து, 2022-இல் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் விட்டனர்.

அப்படியானால் எல்லாப் பூச்சிக்கும் ஒரு குளவி இருக்கிறதே என்று எண்ணிவிடலாகாது. நாம் நினைவில் வைத்த கத்தரியை இப்போது எடுத்துக்கொள்வோம். அதன் தண்டையும் காயையும் துளைக்கும் புழு அயலூரான் அன்று. அதன் இயற்கைப் பகைவர்களும் இங்கேயே இருக்கின்றன, இருந்தும் போதவில்லை. அந்துப்பூச்சி இட்ட முட்டை பொரிந்ததும் புழு சிறிதும் தாமதியாமல் தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். உள்ளே புகுந்தபின் எந்தத் தெளிப்பும் அதனைச் சேராது. அதனாலேயே சந்தைக்குக் காய் அனுப்பும் உழவர் வாரம் தவறாமல், சில இடங்களில் வாரம் இருமுறையும், மருந்தடிக்கின்றனர். இதற்கு மாற்றாக, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் மரபணுவைக் கத்தரியிலேயே சேர்த்து, புழு தின்றால் மாளும்படி செய்தனர். 2009 அக்டோபரில் அதற்கு ஒப்புதற் குழு இசைந்தது. நாட்டின் ஏழு நகரங்களில் மக்களின் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்பிரவரி 9-ஆம் நாள் சுற்றுச்சூழல் அமைச்சர் செயராம் இரமேசு அதனை நிறுத்திவைத்தார். வங்காள தேசத்தில் 2014 முதல் அது பயிரிடப்படுகிறது. ஏக்கர் கணக்கில் பயிரிடும் உழவரின் இடர்ப்பாட்டை அறியாமல் நாம் இதில் தீர்ப்புக் கூறுவது எளிது. ஆகவே நான் கூறப் போவதில்லை. பத்துச் செடி வைத்திருக்கும் கொல்லைக்கு மட்டும் என்னால் பேச முடியும்.

அங்கே விரல்களே போதும். புழு புகுந்த நுனித்தண்டு ஓரிரு நாளில் தலை தொங்கும். அந்த வாடலைக் கண்டதும் ஒரு சாண் கீழே கிள்ளி எடுத்து, உள்ளிருக்கும் புழுவோடு நசுக்கிப் புதைத்துவிட வேண்டும். துளைபட்ட காயைச் செடியடியில் எறியலாகாது. கிள்ளிய இடத்தில் பக்கக் கிளை வெடித்து மேலும் காய்க்கும். ஒரு கொல்லையில் மட்டும் செய்தால் பாதிப் பயன். தெருவே செய்தால் முழுப் பயன்.

இதனோடு வேப்பங்கொட்டைக் கரைசலும் துணை நிற்கும். 50 கிராம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவெல்லாம் ஊறவிட்டு, வடிகட்டிச் சிறிது காதிச் சோப்புக் கரைசலைக் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளித்தல் வேண்டும். பூச்சி உடனே செத்து விழாது. இலையைத் தின்ன விரும்பாமல் ஒதுங்கும், வளர்ச்சி குன்றும். 1962-இல் வடநாட்டில் வெட்டுக்கிளிகள் படையெடுத்தபோது தில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பிரதான் என்னும் அறிஞர் இக்கரைசலைத் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தொடவில்லை என்று கண்டார். அதே வேம்புக்கு 1994-இல் ஐரோப்பாவில் அயலார் காப்புரிமை பெற்றனர். இந்தியரின் வழக்கால் அது 2000-இல் நீக்கப்பட்டு, 2005-இல் மேல்முறையீட்டிலும் தள்ளுபடியாயிற்று. தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் 1938-இல் பிறந்து, 2013-இல் மறையும்வரை ஊர் ஊராய் நஞ்சில்லா வேளாண்மையைப் பேசிய நம்மாழ்வார் இச்செய்தியை மேடைதோறும் எடுத்துரைப்பார். அவர் கூறிய அனைத்தையும் நான் ஏற்பவன் அல்லேன். நெல் விளைச்சலைப் பற்றிய கணக்கில் எனக்கு ஐயங்கள் உண்டு. கொல்லையைப் பற்றி அவர் கூறியதில் ஐயமே இல்லை.

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலைக் கடைசிப் பாடவேளை தோட்டத்துக்கு உரியது. ஏழாம் வகுப்பினர் கத்தரிப் பாத்தியில் வாடிய நுனிகளைக் கிள்ளி, எண்ணி, தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுவர். புரட்டாசியில் எண்ணிக்கை ஏறும், அடைமழையில் இறங்கும், தையில் மறுபடி ஏறும். நுனிகளின் எண்ணிக்கைக்கு அருகே, கண்ட பொறிவண்டுகளின் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் உண்டு. நான் ஓய்வுபெற்ற நாளில் அந்தக் குறிப்பேடு மூன்றாம் தொகுதியில் பாதி நிரம்பியிருந்தது.